குடும்பத்துக்கு ஏற்ற இடம்

உலகத்தில் இடம் பார்க்கிறவர் என்று ஒரு பிறவி உண்டு. ஜாதகம் பார்க்கிறவரையும் பெண் பார்க்கிறவரையும் உங்களுக்குத் தெரியும். அவர்கள் பார்த்து முடித்ததும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, கொடுத்ததைத் தின்றுவிட்டு, எழுந்து போய்விடுவார்கள். இடம் பார்க்கிறவர் போகவும் மாட்டார், உட்காரவும் மாட்டார், கூட வந்தவர்களை உட்கார விடவும் மாட்டார். பிள்ளை குட்டியோடு வெளியூர் போனால் எங்கே தங்குவது என்ற ஒரு கேள்விக்காகவே ஆண்டவன் அவரைப் படைத்து, ஒரு மூக்கையும் ஒரு மீசையையும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். மூக்கு, தலையணையை மோந்து பார்க்க. மீசை, மோந்து பார்த்த பிறகு முறுக்க.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். விடுதி வாசலில் ஏறியதும் மற்றவர்கள் அறை இருக்கிறதா என்று கேட்பார்கள். இவர், "கக்கூசு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பாவம், அவசரம்போல என்று விடுதிக்காரர் ஓடி வழி காட்டினால், உள்ளே போய், கூரையைப் பார்த்து, தரையைப் பார்த்து, வாளியைத் தூக்கி அதன் அடியைப் பார்த்து, போன காரியம் ஒன்றும் இல்லாமலே வெளியே வந்து, "ம்" என்பார். அதற்குப் பிறகு கட்டிலை ஆட்டுவார், சுவரைத் தட்டுவார், கிணற்றுக்குள் கல்லைப் போட்டுக் காதைக் கொடுப்பார், ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு, "இதுல ஒரு புள்ள தலை போகுமா, போகாதா?" என்று கேட்பார். போகாது என்றால், "மாட்டிக்கும்" என்பார். போகும் என்றால், "விழுந்துரும்" என்பார். மாடி என்றால் பிள்ளை உருளும். கீழே என்றால் பாம்பு வரும். சத்தமான தெரு என்றால் பிள்ளை தூங்காது. சத்தமில்லாத தெரு என்றால், "ஏன் சத்தமே இல்ல? இங்க என்னமோ நடந்திருக்கு." எல்லாம் முடிந்து கையைத் தட்டிவிட்டுப் படி இறங்கும்போது அந்த மந்திரத்தைச் சொல்வார்.

"நமக்கென்னங்க, கட்டாந்தரையில துண்ட விரிச்சாப் போதும். புள்ளைங்களுக்காகத்தான் பாக்குறேன்."

பிள்ளைகளை யாராவது கேட்டார்களா? பிள்ளை ரயில் பெஞ்சில் தூங்கும், மூட்டை மேல் தூங்கும், அப்பன் பேச ஆரம்பித்தால் நின்றபடியே தூங்கும். தூங்காமல் விழித்துக்கொண்டிருப்பவள் ஒருத்திதான். அவள் அதுகளைப் பெற்றவள்.

நம்பிக்கை இல்லையென்றால் சின்னமுத்துவைப் பாருங்கள். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அரிசி ஸ்டோர் அவர் பொறுப்பு. தோட்டத்துச் சனத்துக்கு அளக்கிற அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டையை அவிழ்க்காமலேயே உள்ளே இருப்பதைப் பார்க்க அவரிடம் ஒரு குத்தூசி இருந்தது. விரல் தடிமனில் இரும்பு, நுனி கூர், நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் பள்ளத்தோடு அரிசி வரும். அதை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, மோந்து, ஒன்றிரண்டைப் பல்லில் வைத்துக் கடித்து, "ம்" என்பார். மேலே நல்லதும் அடியில் புழுத்ததும் வைத்துத் தைத்து அனுப்புகிற வியாபாரிகளுக்கெல்லாம் அந்த ஊசியைக் கண்டால் ஆகாது. நல்ல வேலைக்காரர்தான். ஆனால் மூட்டையைக் குத்திக் குத்தி, உலகமே அவருக்கு ஒரு மூட்டையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மேலே தெரிவதை நம்பவே மாட்டார்.

அவருடைய பெண்சாதி நல்லம்மா. பெண்சாதி என்று நாம் சொல்லலாம், அவர் சொல்ல மாட்டார். மதிப்பான மனிதர் அல்லவா? "குடும்பம்" என்பார். "குடும்பத்துக்கு ரெண்டு நாளாக் காச்சல்" என்று அவர் சொன்னால், வீடு முழுக்கப் படுத்துக் கிடக்கிறது என்று பதறி ஓடாதீர்கள். நல்லம்மாவுக்குக் காய்ச்சல். "குடும்பம் குளிக்கப் போயிருக்கு" என்றால் நல்லம்மா ஒருத்திதான் பீலிக்கரைக்குப் போயிருக்கிறாள். அந்தக் காலத்தில் சட்டைப் பையில் பேனா குத்தியிருந்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் இந்தப் பேச்சுத்தான். பெண்சாதியைப் பெயர் சொல்லிவிட்டால் நாக்கு வெந்துவிடும் என்று பயம்.

இந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆசை வந்தது. கண்டியில் போகம்பறை மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு பொம்பளை கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறாள், தொங்குவது போதாதென்று இரண்டு கையையும் விரித்துப் பம்பரம் மாதிரி சுற்றுகிறாள் என்று புடவை மூட்டைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் போனார், சொன்னது போகவில்லை. நல்லம்மா காய் நறுக்கும்போதும் அவள் தொங்கினாள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் தொங்கினாள். சிங்கமும் கோமாளியும் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். நல்லம்மாவுக்கு அந்தப் பொம்பளை போதும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டத்தை விட்டு இறங்காதவள், நாலு பெற்றவள், முதன்முதலாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள்.

"புள்ளைங்களுக்குக் காட்டலாங்களே," என்றாள். தனக்கு என்று கேட்டால் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியாதா?

"காட்டலாம்," என்றார் சின்னமுத்து. "ஆனா, எடம்?"

பிடித்தது சனியன். சர்க்கஸ் பார்க்கச் சாயந்தரம் ஆகும், அதற்குமேல் புசல்லாவைக்கு ஏறி வர பஸ் கிடையாது, ஆகையால் ஒரு ராத்திரி தங்கத்தான் வேண்டும். ஒரு ராத்திரி. அதற்காக அவர் தபால்காரரை விசாரித்தார், லொறி டிரைவரை விசாரித்தார், கண்டிக்கு ஒரு தடவை பல் பிடுங்கப் போய் வந்த தேயிலை பாக்டரி டீமேக்கரை மூன்று தடவை விசாரித்தார். சொன்னவர்கள் சொன்ன இடத்தையெல்லாம் அங்கேயே நின்று தள்ளுபடி செய்தார். பொம்பளைக்கும் வோட்டு உண்டு என்று சட்டம் வந்து, கண்டியில் பொம்பளைகள் வரிசையில் நின்று வோட்டுப் போட்ட வருஷம் அது. எங்கே படுப்பது என்பதற்கு மட்டும் இன்னும் வோட்டு வரவில்லை. இவர் விசாரித்து முடிப்பதற்குள் சர்க்கஸ் தன் கடைசி நாளுக்கு வந்துவிட்டது.

"மொதல்ல எடம், அப்பறந்தான் ஆட்டம்," என்று பஸ் ஏறும்போதே சட்டம் போட்டார். "எடம் அமையலன்னா சாயந்தர ரயிலுக்குத் திரும்பிருவோம். கம்பளையில எங்க சின்னம்மா வீடு இருக்கு."

நல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். சின்னம்மா வீட்டில் பல்லால் தொங்குகிறவர் யாரும் இல்லை.

கம்பளையில் ரயில் ஏறினார்கள். கெலிஓயாவில் ஏறிய ஒருவர், "கண்டியில எடத்துக்கா பஞ்சம், எங்கயும் தங்கலாம்" என்று நல்ல மனசோடு சொன்னார். சின்னமுத்து அவரைப் புழுத்த அரிசியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மனிதர் பேராதனையிலேயே வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

கண்டி ஸ்டேஷனுக்கு எதிரே ஜமால்தீன் என்பவருடைய ஹோட்டல். அதன் முன் பெஞ்சில் நல்லம்மாவையும் பிள்ளைகளையும் மூட்டைகளையும் இறக்கி வைத்துவிட்டு, சின்னமுத்து பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"ஹோட்டலுன்னு போட்டிருக்கு. படுக்க எடம் உண்டுமா நானா?"

"ஹோட்டல் செல்லித்தான் போட்டீக்கி," என்றார் ஜமால்தீன், தேநீரை ஆற்றிக்கொண்டே. "தின்ன ஏலும், குடிக்க ஏலும். படுக்க ஏலா. படுக்கிறதுன்டா டவுனுக்குள்ள பெய்த்துப் பாருங்கொ."

"அப்ப எதுக்கு ஹோட்டலுன்னு போடுறீங்க?"

"படுக்கிறவங்க வரக்கூடா செல்லித்தான்."

குளத்தோரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற பெரிய ஹோட்டல் ஒன்று இருந்தது. அதை மட்டும் சின்னமுத்து குறை சொல்லவில்லை. வாசலில் நின்ற தொப்பிக்காரன் இவரைப் பார்த்த பார்வையில், அது அவரைக் குறை சொல்லிவிட்டது.

முதலில் காஸல் ஹில் வீதியில் வீரையா என்பவருடைய விடுதிக்குப் போனார். போன சுருக்கில் திரும்பி வந்தார். பின்னாலேயே வீரையாவும் வந்தார், ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு. தெரு நெடுக இலவம்பஞ்சு பறந்தது.

"இவரு உங்க ஆளாம்மா?" என்று நல்லம்மாவைக் கேட்டார் வீரையா. "அறையைக் காட்டுனேன். மடியிலேருந்து ஈட்டி மாதிரி ஒண்ண உருவி எந்தலகாணியக் குத்திட்டாரும்மா. வெட்டுக் குத்துன்னு கேள்விப்பட்டிருக்கேன், தலகாணிய யாராச்சும் குத்துவாங்களா?"

"மேல ஒறை புதுசு, உள்ள பஞ்சு பழசு," என்றார் சின்னமுத்து, வெற்றி பெற்ற முகத்தோடு. "இந்த வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது. நமக்கென்ன, எதுலயும் தல வைப்பேன். புள்ளைங்களுக்காகத்தான்."

நல்லம்மா மூட்டையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள். "குடுங்கண்ணே, தச்சித் தாறேன்." பெஞ்சிலேயே உட்கார்ந்து, பறந்ததில் பிடிபட்ட பஞ்சையெல்லாம் உள்ளே திணித்து, தடித்த கறுப்பு நூலால் நெருக்கித் தைத்தாள். வீரையாவின் கோபம் பாதி இறங்கியது.

"தங்கச்சிக்கும் புள்ளைங்களுக்கும் அறை இருக்கும்மா, எப்ப வேணாலும் வாங்க. இவரு மட்டும் என் வாசப்படி ஏறக்கூடாது."

"பாத்தியா, எப்பேர்ப்பட்ட எடம்னு?" என்றார் சின்னமுத்து. அடுத்ததற்குக் கிளம்பிவிட்டார்.

போவதும் வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் முகத்தில் சந்தோஷம் கூடிக்கொண்டே வந்தது. இதுதான் இந்தப் பிறவியின் ரகசியம், கவனியுங்கள். நல்ல இடம் கிடைத்தால் இவருடைய வேலை முடிந்துபோகும். கிடைக்காத வரைக்கும் இவர்தான் ராஜா. ஓரிடத்தில் குளம் பக்கம், பிள்ளை தண்ணீரில் விழும். ஓரிடத்தில் குளம் தூரம், காற்று வராது. ஓரிடத்தில் கோயில் மணி. ஓரிடத்தில் விடுதிக்காரருக்கு ஒன்றரைக் கண், "எந்தப் புள்ளையப் பாக்குறாருன்னே தெரியல." இதை எல்லாம் அவர் நின்றுகொண்டே ஒப்பித்துவிட்டு ஒரு தேநீரைக் குடித்துவிட்டுப் போவார். பிள்ளைகள் பணிஸ் தின்று, மூட்டைகளைச் சிங்கமாக்கி அதன்மேல் ஏறி விளையாடி, கடைசியில் சிங்கத்தின் மேலேயே தூங்கிவிட்டன. ஈ மொய்த்தது. அதுகளுக்குத் தெரியவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து முனையில் ஜமால்தீனுக்கு ராத்தாவான, அதாவது அக்காவான, ஆஸியா உம்மாவின் வீடு. கடையின் பின்கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் வந்து நின்று, நெடுநேரம் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னமுத்து அந்தப் பக்கம் போனதும் திரை கொஞ்சம் விலகியது.

"என்த மகள், காலைலேந்து குந்தி ஈக்கிறீங்க? கண்டியில எடமே இல்லாமப் போச்சா?"

"எடம் இருக்குங்கம்மா," என்றாள் நல்லம்மா. "அதான் சங்கடமே. இல்லன்னா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

ஆஸியா உம்மா முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "நம்மட ஊட்ல முன்னறை சும்மா ஈக்கி. மருமகள் புள்ளப்பேத்துக்குத் தாயூட்டுக்குப் பெய்த்தீக்கி. எங்கட சாப்பாடு ஒங்களுக்கு ஒத்துவராட்டி, பொறத்தால தனி அடுப்பு ஈக்கி, ஒங்கட பானையில நீங்களே ஒலை வைங்கொ. ஆம்புளயல மட்டும் எடுக்க ஏலா. நான் புருசன் மவுத்தானவ. ஊர் வாய் சும்மா ஈக்குமா?"

"அவரக் கேக்கணுங்கம்மா."

"கேளுங்கொ, கேளுங்கொ. கேட்டு முடியக்குள்ள கூடாரத்தையும் அவுத்துருவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மகள், பல்லால தொங்குறாவாமே ஒரு பொம்புள, மெய்யா? தம்பி செல்றான், எனக்கு நம்ப ஏலா. எனக்குப் பெய்த்துப் பாக்கவும் ஏலா. பாத்தா, வந்து எனக்குச் செல்லுவீங்களா?"

நல்லம்மா பதில் சொல்வதற்குள் தெருவில் பேண்டுச் சத்தம் கேட்டது. சர்க்கஸ்காரர்கள் நோட்டீஸ் வண்டி விட்டிருந்தார்கள். முன்னால் கோமாளி, நடுவில் டிரம் அடிக்கிறவன், கடைசியாகப் பலகையில் கால்களைத் தொங்கப்போட்டபடி சால்வை போர்த்திய ஒரு பொம்பளை. கறுப்பாக, குட்டையாக, சந்தைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். கையில் ஒரு முழக் கரும்பு. அதைக் கடவாயில் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். சடசடவென்று பட்டை உரிந்து வந்தது.

நல்லம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னைக்கே கடைசி, இன்னைக்கே கடைசி," என்று கோமாளி கத்திக்கொண்டு போனான்.

வெயில் சாய்கிற நேரத்தில் சின்னமுத்து வந்தார். நடை வேறு மாதிரி இருந்தது. வாயில் வெற்றிலை சிவந்திருந்தது.

"கெடச்சிருச்சி," என்றார். "கொழும்பு வீதியில ராமையான்னு ஒருத்தர். நம்ம பக்கத்து ஆளு. எடமா அது? சாய்மனைக் கதிரை என்ன, வெத்தலத் தட்டு என்ன! போன ஒடனே 'ஐயா உக்காருங்க'ன்னாரு. மெத்தையைக் குத்திப் பாக்கணும்னேன், 'நீங்களே குத்துங்கய்யா'ன்னாரு. மனுசன்னா அவரு. நானும் வெவரமாக் கேட்டுட்டேன். குடும்பத்தோட தங்க ஏத்த எடமான்னு. 'குடும்பத்துக்குன்னே வச்சிருக்கேன்'ன்னுட்டாரு."

மூட்டைகளும் பிள்ளைகளுமாக ஊர்வலம் கொழும்பு வீதிக்குப் போனது. சின்னமுத்து முன்னால், வெறுங்கையோடு, வழி காட்டிக்கொண்டு. ராமையா வாசலில் கை கூப்பி நின்றார். சின்னமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். நல்லம்மாவைப் பார்த்தும் சிரித்தார். இடுப்பில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பின்னால் வந்த மூன்றையும் பார்த்துக் கையை இறக்கிவிட்டார்.

"ஐயா, இவங்கல்லாம் யாரு?"

"யாருன்னா? எம் புள்ளைங்க."

"புள்ளைங்கன்னு ஐயா சொல்லவே இல்லியே. ஐயாவும் குடும்பமும்னுதானே சொன்னீங்க?"

"குடும்பம்னா எல்லாம் சேத்துத்தானய்யா."

"அப்புடியா?" ராமையா மரியாதை குறையாமலே பேசினார். "குடும்பத்துக்கு இடுப்பு வலி, கட்டில் ஒசரமா இருக்கக்கூடாதுன்னீங்க. இந்தக் கைப்புள்ளைக்கா இடுப்பு வலி? குடும்பம் கொட்டப்பாக்குப் போடாது, களிப்பாக்குத்தான் போடும்னீங்க. இந்தப் பையனா பாக்குப் போடுறான்? குடும்பம் ராவானா கொறட்டை விடும், பக்கத்து அறைக்குக் கேக்காமப் பாத்துக்கங்கன்னீங்க..."

நல்லம்மா திரும்பிச் சின்னமுத்துவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஏற்கெனவே பார்த்து முடித்த கூரை.

"எனக்கு இங்க தங்குறவங்க எல்லாம் ரயில்வே ஆபீஸ்காரங்க. புள்ளச் சத்தம் ஆகாது," என்றார் ராமையா. "ஐயாவும் குடும்பமும் தாராளமா இருங்க. இந்த நாலையும் எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருங்க."

காலையிலிருந்து ஏறி இறங்கிய படியிலெல்லாம் பிள்ளை, பிள்ளை என்று தொண்டை வறளச் சொன்ன மனிதர், ஒரே ஓரிடத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டார். எந்த இடத்தில்? அவருக்குப் பிடித்துப்போன இடத்தில். சாய்மனைக் கதிரையில் சாய்ந்து ஒருவர் "ஐயா" என்று கூப்பிட்டு வெற்றிலையும் நீட்டினால் யாருக்குத்தான் பிள்ளை ஞாபகம் வரும்?

ஆனால் இந்தப் பிறவியை அவ்வளவு லேசில் மடக்க முடியாது. தெருவுக்கு இறங்கியதும் மீசையை முறுக்கினார்.

"நல்ல வேளை, முன்னாடியே தெரிஞ்சிச்சி. புள்ளைங்கள வேணாங்கிற எடத்துல நாம ஏன் தங்கணும்? வாங்க, சாயந்தர ரயிலுக்குப் போயிருவோம். புள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன்."

போகம்பறைப் பக்கமிருந்து பேண்டு வாசிப்பது கேட்டது. முதல் மணியும் அடித்தார்கள். நல்லம்மா கைக்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பெரிய மூட்டையை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"நீங்க எடம் பாருங்க," என்றாள். "நாங்க படுக்கப் போறோம்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நடந்தாள், அவ்வளவுதான். பிள்ளைகள் பின்னால் நடந்தன. சின்னமுத்துவும் நடந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால்.

சந்து முனையில் ஆஸியா உம்மாவின் கதவு அவர்களுக்காகப் பாதி திறந்திருந்தது. நடக்கிற மூன்றும் உள்ளே போய் முன்னறைப் பாயில் விழுந்தன. சின்னமுத்து படியில் கால் வைத்து, மடியில் கை விட்டு, குத்தூசியை உருவினார்.

"உள்ள ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லிடறேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மகள், இங்க ஆம்புளயலுக்கு எடம் இல்ல. அந்த இரும்ப எடுத்துட்டுத் தூரப் போகச் செல்லுங்கொ. புள்ளயல் ஈக்கிற எடம், கண்ணுல கிண்ணுல பட்டுரும்."

"புள்ளைங்களுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார் சின்னமுத்து.

"புள்ளயல் படுத்தும் முடிஞ்சி. இனி என்தப் பாக்குற?"

நல்லம்மா கதவருகில் நின்றாள். "உங்களுக்கு ஒரு எடம் பாத்துக்கிட்டு ஆட்டத்துக்கு வந்துருங்க," என்றாள்.

"எடம் அமையாம நான் எங்கயும் வரமாட்டேன். ஒனக்குத் தெரியும்."

"தெரியுங்க," என்றாள் நல்லம்மா.

கைக்குழந்தை ஆஸியா உம்மாவின் மடியில் இருந்துகொண்டது. மற்ற மூன்றையும் எழுப்பி இழுத்துக்கொண்டு நல்லம்மா போகம்பறைக்கு ஓடினாள், முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட் வாங்கினாள், பொம்பளைகள் பக்கத்துப் பலகையில் முன் வரிசையில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். பலகை ஆடியது. அடியில் ஈரம். எதிரே சிங்கத்து நாற்றம். சின்னமுத்து பார்த்திருந்தால் அந்தப் பலகையையும் தள்ளுபடி செய்திருப்பார்.

கரும்பு தின்ற பொம்பளை ஜிகினாச் சட்டையோடு வந்தாள். கயிற்று நுனியில் இருந்த தோல் துண்டைக் கவ்வினாள். மேலே இழுத்தார்கள். கூடார உச்சியில் கைகளை விரித்துச் சுற்றினாள். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. கீழே எல்லாரும் கைதட்ட, அவள் முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

"வலிக்காதாம்மா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"வலிக்கும்," என்றாள் நல்லம்மா. அவளுடைய பல்லும் அந்நேரம் இறுகித்தான் இருந்தது. "ஆனா வாயத் தொறந்தா விழுந்துருவா."

சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். சற்று முன் தெருவில் அவள் வாயைத் திறந்தாள். விழவில்லை.

சந்துக்குத் திரும்பியதும் ஆஸியா உம்மா கேட்ட முதல் கேள்வி, "மெய்யா?"

"மெய்தாங்கம்மா," என்றாள் நல்லம்மா. விளக்கைக் குறைக்காமல் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது ஆம்பிளைகளுக்கு வேண்டாம்.

காலையில் சின்னமுத்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மீசையில் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. வலது கன்னத்தில் கோணலாக ஒரு தடம், தடித்த நூலால் நெருக்கித் தைத்த தையல் அழுத்தினால் விழுமே, அந்தத் தடம். அது யாருடைய தையல் என்று நல்லம்மாவுக்குத் தெரியாதா?

"எங்கங்க படுத்தீங்க?"

"ம்," என்றார் சின்னமுத்து.

வீரையா நல்ல மனிதர். வாசற்படி ஏறக்கூடாது என்றாரே தவிர, படிக்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்திருந்தார்.

சரி, இத்தோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா? தோட்டத்துக்குப் போய் ஒரு வாரத்தில் ஊரெல்லாம் அவரிடம் வந்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. "கண்டியில புள்ள குட்டியோட தங்கணும்னா ஒரே எடந்தான்," என்று குத்தூசியைத் துடைத்துக்கொண்டே சொல்வார். "ஸ்டேசனுக்கு எதித்தாப்புல சந்து முனை வீடு. நான் அலைஞ்சி பாத்துப் புடிச்சது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை வெளியூர் போனபோது ஒரு ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தது யார்? பிள்ளைகளுக்கு ஆகாது என்று படி இறங்கியது யார்? அதெல்லாம் பிள்ளைகளின் நன்மைக்காக என்கிறீர்களா? இருக்கலாம். எதற்கும் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். குடும்பத்தைக் கேளுங்கள். அப்படியே அந்தப் பிள்ளைகளையும் கேளுங்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளை என்பதாவது அப்போது ஞாபகம் வரும்.